தூதரகம் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

வெளிநாட்டில் நம்மவர் ஒருவர் சிக்கலில் மாட்டினால், ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தியத் தூதரகம். சிலர் அதற்குச் சர்வ வல்லமை உண்டென்று நம்பி ஏமாறுகிறார்கள். சிலர் அது எதற்கும் உதவாது என்று எண்ணி அந்தப் பக்கமே போவதில்லை. இரண்டிலும் நஷ்டம் தொழிலாளிக்குத்தான். தூதரகத்தின் அதிகாரம் எதுவரை என்று தெரிந்தவரால்தான் அதனிடம் சரியான உதவியைச் சரியான நேரத்தில் கேட்டுப் பெற முடியும்.

நம்பிக்கை: தூதர்களின் வேலை விருந்தும் கைகுலுக்கலும்.

உண்மை: விருந்துகள் உண்டு. அங்கே காதில் விழுந்தது மறுநாள் தலைநகருக்குப் போகும் அறிக்கையில் இடம்பெறும். 1946 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன் மாஸ்கோவிலிருந்து அனுப்பிய நீண்ட தந்தி, சோவியத் யூனியனை அமெரிக்கா அணுகிய விதத்துக்கே அடித்தளமானது. ஆனால் ரியாத்திலும் குவைத்திலும் துபாயிலும் உள்ள நம் அதிகாரிகள் பலருக்குப் பொழுது விடிவது வேறு வேலைகளில்: சம்பளம் வராத தொழிலாளியின் புகார், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட கஃபீலிடம் (விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியிடம்) பேச்சு, மருத்துவமனையில் நினைவின்றிக் கிடப்பவரின் ஊரைக் கண்டுபிடிப்பது.

நம்பிக்கை: தூதரக வளாகம் இந்திய மண், உள்ளே நுழைந்துவிட்டால் அந்நாட்டுச் சட்டம் தொடாது.

உண்மை: வளாகம் அந்தந்த நாட்டின் மண்தான். தூதரகத் தலைவரின் சம்மதமின்றி அந்நாட்டுக் காவல்துறை உள்ளே வரக்கூடாது என்பதே 1961 வியன்னா உடன்படிக்கை தரும் பாதுகாப்பு. 1984-ல் லண்டனில் லிபியத் தூதரகத்துக்குள்ளிருந்து பாய்ந்த குண்டுக்கு ஒரு பெண் காவலர் பலியானார். அப்போதுகூடப் பிரிட்டிஷ் போலீஸ் 11 நாள் கட்டடத்தைச் சுற்றி நின்றதே தவிர உள்ளே நுழையவில்லை. உள்ளே இருந்தவர்கள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

வீட்டு வேலைக்குப் போய்க் கொடுமை தாங்காமல் ஓடிவரும் பெண்ணுக்குத் தூதரகம் தங்க இடமும் உணவும் தர முடியும். ஆனால் வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று முதலாளி ‘ஹுரூப்’ புகார் கொடுத்திருந்தால் அந்தப் புகார் வாசலோடு நின்றுவிடாது. தூதரகம் தருவது அவுட்பாஸ். அது இந்தியாவுக்குள் வருவதற்கான தாள். அங்கிருந்து வெளியேற எக்ஸிட் அனுமதி தரும் அதிகாரம் அந்த நாட்டிடமே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.

நம்பிக்கை: தூதரக அதிகாரி என்ன செய்தாலும் தப்பிவிடலாம்.

உண்மை: அந்நாட்டுச் சட்டத்தை மதிப்பது அவர்களின் கடமை என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. வழக்கு, கைதிலிருந்து அவர்களுக்குள்ள விலக்கு அவர்களை அனுப்பிய நாட்டின் சொத்து. அந்த நாடு வேண்டுமானால் அதை விலக்கிக்கொள்ளலாம். 1997-ல் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டு அதிகாரி ஓட்டிய கார் மோதி ஒரு சிறுமி இறந்தபோது ஜார்ஜியா அதைத்தான் செய்தது. அவர் அமெரிக்கச் சிறைக்குப் போனார்.

நம்பிக்கை: தூதரகம் நினைத்தால் ஒரே போனில் சிறையிலிருந்து மீட்டுவிடும்.

உண்மை: எந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் வேற்று நாட்டுத் தூதர் உத்தரவிட முடியாது. ஆனால் 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவு ஒரு வலுவான உரிமையைத் தருகிறது. கைதான வெளிநாட்டவரிடம், அவர் தம் தூதரகத்தோடு பேசலாம் என்று தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும். அதிகாரிகள் சிறைக்குப் போய்ச் சந்திக்கலாம், வழக்கறிஞரை ஏற்பாடு செய்யலாம். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் அந்நாடு இந்தப் பிரிவை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ‘அவர் கேட்டால்’ என்ற நிபந்தனை. பயத்திலோ மொழி தெரியாமலோ கேட்காமல் இருந்துவிட்டால் நாட்கள் வீணாகும். இலங்கைச் சிறைகளில் அடைக்கப்படும் நம் மீனவர்களை யாழ்ப்பாணத் துணைத் தூதரகமும் கொழும்பு உயர் ஆணையமும் சந்திப்பது இந்த உரிமையைக் கொண்டுதான். விடுதலை என்பது நீதிமன்றமும் இரு அரசுகளும் தீர்மானிக்கும் விஷயம்.

நம்பிக்கை: இறந்தவரின் உடலை அனுப்பாமல் தூதரகம் இழுத்தடிக்கிறது.

உண்மை: துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் கொடுமை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு உடல் விமானம் ஏற, மருத்துவ அறிக்கை, காவல்துறை அறிக்கை, அந்நாட்டு இறப்புச் சான்று, குடும்பத்தின் சம்மதக் கடிதம், ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையின்மைச் சான்று, எம்பாமிங் சான்று ஆகியவை வேண்டும். இவற்றில் பலவும் தூதரகத்தின் கையில் இல்லை. விபத்தோ சந்தேக மரணமோ என்றால் விசாரணை முடியும் வரை போலீஸ் அனுமதிக்காது.

2024 ஜூன் 12-ல் குவைத்தின் மங்காஃப் குடியிருப்புத் தீ விபத்தில் 7 தமிழர் உட்பட 45 இந்தியர்கள் இறந்தார்கள். இரண்டே நாளில் விமானப்படை விமானம் அவர்களின் உடல்களோடு கொச்சியில் இறங்கியது. இரு அரசுகளும் முழு மூச்சாக இறங்கியதால் நடந்தது அது. தனியாக இறந்துபோகும் ஒரு தொழிலாளிக்கும் அந்த வேகம் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. வழக்கமாகச் செலவு முதலாளியுடையது. அவர் கைவிட்டால் 2009-ல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி உண்டு. தூதரகச் சேவைகளுக்கு நாம் கட்டும் கட்டணத்திலிருந்து சேரும் பணமும் அதில் இருப்பதால், அதைக் கேட்கத் தயங்கத் தேவையில்லை.

நம்பிக்கை: தூதர் என்பவர் மேலிடம் சொன்னதை ஒப்பிப்பவர், அவருக்கென்று மனசாட்சி கிடையாது.

உண்மை: 1940-ல் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் இருந்த ஜப்பானியத் துணைத் தூதர் சியூனே சுகிஹாரா, டோக்கியோவின் அறிவுறுத்தலை மீறி 2,000-க்கும் மேற்பட்ட விசாக்களைக் கையால் எழுதிக் கொடுத்து, யூத அகதிகள் தப்ப வழி செய்தார். 1968-ல் மெக்சிகோவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, டெல்லியில் அந்நாட்டுத் தூதராக இருந்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ் பதவியைத் துறந்தார். விதிகளுக்குள் இருந்தபடியே ஒரு தொழிலாளிக்காக இன்னொரு முறை பேசிப் பார்க்கும் அதிகாரியும் அதே மனசாட்சியோடுதான் வேலை செய்கிறார்.

புறப்படுமுன் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தூதரகத்தின் அவசர எண்ணை மனைவியிடமோ அம்மாவிடமோ எழுதிக் கொடுங்கள். கைதானால் முதல் நாளே “என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகாரைப் பதிந்து, அதன் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாகச் சொன்னது மறக்கப்படலாம். எண்ணோடு பதிவான புகாருக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.