பாவு நீட்டத் தெரு வேண்டும்

வேலூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. நான் நலம். உன்னைப் பற்றித்தான் கவலை. ராத்திரி பதினொரு மணிக்கும் லேப்டாப்பை மூடுவதில்லை, சாப்பாட்டுத் தட்டும் அதன் பக்கத்திலேயே ஆறிக் கிடக்கிறது என்று உன் அம்மா போனில் வருத்தப்பட்டாள். முழுக்க வீட்டிலிருந்தே வேலையா, வாரம் இரண்டு நாள் சென்னை அலுவலகத்துக்கு வருகிறாயா என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்களாம். நீ பதில் சொல்வதற்கு முன் இதைப் படி.

ஆரணியில் நீ மேசை போட்டிருக்கும் இடத்தில்தான் உன் தாத்தாவின் குழித்தறி இருந்தது. ஆயுசு முழுக்க வீட்டிலிருந்தே உழைத்தவர் அவர். அதனால் வீட்டு வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். விடுதி வாடகை மிச்சம், அம்மா கைச்சோறு, அப்பாவுக்குச் சர்க்கரை ஏறினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010 கடைசியில் தொடங்கி 9 மாதம் ஒரு சோதனை நடத்தியது. அதை ஆராய்ந்தவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கலஸ் புளூம். வீட்டிலிருந்து போன் பேசி வேலை பார்த்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அந்த 13-இல் 9, இடைவேளையையும் விடுப்பையும் குறைத்துக்கொண்டு கூடுதல் நேரம் உழைத்ததால் வந்தது. உன் ஆறிப்போன தட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். சோதனை முடிந்ததும், வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தனிமைதான் முக்கியக் காரணம்.

உன் தாத்தாவை அந்தத் தனிமை ஏன் அண்டவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். விடியும் முன்பே பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட வேண்டும். அது ஒற்றை ஆள் வேலை அல்ல, நாலு வீட்டார் கைகொடுத்தால்தான் ஆகும். யாருக்கு என்ன கூலி, யார் வீட்டில் என்ன கஷ்டம், எல்லாம் அங்கேதான் பேச்சில் வரும். அறுந்த இழையைப் பிணைக்க நான் கற்றதும் அந்தத் தெருவில், பக்கத்து வீட்டுக்காரர் விரலைப் பார்த்துத்தான். தறி வீட்டுக்குள் இருந்தாலும் தொழில் தெருவில் இருந்தது.

உனக்கு அந்தத் தெரு இல்லை, மகளே. ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தில் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் வேலையை அலசிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. வீட்டிலிருந்தபோது வேலை நேரம் கூடியிருக்கிறது, முடித்த வேலை சற்றுக் குறைந்திருக்கிறது. மீட்டிங்குகள் நேரத்தைத் தின்றன, மேலாளர் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது குறைந்தது. அங்கே பழகி ஊறியவர்கள் ஓரளவு சமாளித்தார்கள். நீ சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பார்த்துக் கற்க வேண்டிய வயது இது.

அதனால் இரண்டு நாள் சென்னை என்பதைத் தேர்ந்தெடு. அதே சீன நிறுவனம் பின்னால் 1,612 பேரை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு, மீதி நாள் அலுவலகம் என்று பார்த்தது. உன் கணக்கு அதற்குத் தலைகீழ்தான், ஆனாலும் இரண்டும் கலந்த வழி. வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பதவி உயர்வுக்கும் மதிப்பீட்டுக்கும் ஒரு குறையும் வரவில்லை. போகிற இரண்டு நாளும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்காராதே. மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார், சந்தேகம் கேள், அவர்களோடு சாப்பிடப் போ. தாம்பரத்தில் இருக்கும் உன் அக்காவிடம் பேசிவிட்டேன். இடையில் வரும் ராத்திரி அவள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

வீட்டிலிருக்கும் நாட்களில், எத்தனை மணிக்கு மேல் கூப்பிட முடியாது என்பதை டீம் லீடரிடம் இப்போதே பணிவாகச் சொல்லிவிடு. சாப்பாட்டைக் கூடத்தில் எல்லாரோடும் சாப்பிடு. உன் தாத்தா நாடாவைக் கீழே வைத்துக் குழியை விட்டு ஏறினால், கொல்லைக் கல்லில் கால் கழுவுவார். அதோடு அன்றைய வேலை முடிந்தது. எவ்வளவு அவசரம் என்றாலும் மறுபடி இறங்க மாட்டார். அந்தக் கல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. நாளை ஷிப்ட் முடிந்ததும் லேப்டாப்பை அலமாரியில் பூட்டிவிட்டு, அந்தக் கல்வரைக்கும் போய்க் கால் கழுவிக்கொண்டு வா.

அன்புடன்,
பெரியப்பா