பென்சில் யார் கையில்?

திண்டிவனம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

விழுப்புரத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்பு அறிவியல் உன் பொறுப்புக்கு வந்திருப்பதாக உன் அப்பா சொன்னான். குழுவாக உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னால் சத்தம்தான் மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறாய். என்ன சத்தம் என்று முதலில் காது கொடுத்துக் கேள். ரப்பருக்காகச் சண்டை என்றால் அடக்கு. கோட்டுக்காகச் சண்டை என்றால் விட்டுவிடு.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை விட நல்ல பாடம் கிடையாது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று நிலக்கடலை ரகங்கள் வெளிவந்தது இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதானே. நாலு பேருக்கு ஒரு சார்ட், ஒரே ஒரு பென்சில் கொடு. செடியைக் காட்டாதே, புத்தகத்தையும் திறக்க விடாதே. மண்ணுக்கு அடியில் இருப்பதையும் சேர்த்து முழுச் செடியை வரையச் சொல்.

முக்கால்வாசிக் குழுக்கள் வேரில்தான் காயைத் தொங்கவிடும். கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிய பிள்ளை எப்படியும் ஒன்று இருக்கும். அது, "வேர்ல காய்க்காது, விழுது எறங்கித்தான் காய்க்கும்" என்று சொல்லும். அந்த விழுது எங்கிருந்து இறங்குகிறது என்று அடுத்தவன் கேட்பான். வாயால் சொல்லும்போது மழுப்பிவிடலாம். வரையும்போது கோடு ஓரிடத்தில் தொடங்கியே ஆக வேண்டும். தெரியாத இடம் அங்கே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் நீ போய் விடையைச் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

அவர்கள் ஒரு படத்துக்கு வந்த பிறகு செடியைக் கொடு. மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கிறது. கருவுற்றதும் சூலகத்தின் அடி நீண்டு, விழுதாக மண்ணுக்குள் இறங்கி, நுனியில் காயாகிறது. வேரில் இருக்கும் சின்ன உருண்டைகள் காயல்ல, முடிச்சுகள். அவற்றில் ரைசோபியம் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறது. விதைத்த 40, 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோமே, அது ஏன் என்று அப்போது கேள். வேர் எடுக்கிற கால்சியம் தண்ணீரோடு இலைக்குப் போய்விடும். மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு அதில் மிகக் கொஞ்சம்தான் வரும். அதனால் காய் தனக்கு வேண்டியதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே உறிஞ்சுகிறது. படம் சரியாக இருந்தால் இந்த விடையைப் பிள்ளைகளே கிட்டத்தட்ட எட்டிவிடுவார்கள்.

ஒன்றில் கவனமாக இரு. எந்தக் குழுவிலும் நன்றாக வரைகிறவன் ஒருவன் பென்சிலைப் பிடுங்கிக்கொள்வான், மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். வேர், தண்டு, பூ, காய் என்று ஒவ்வொன்றுக்கும் பென்சில் கை மாற வேண்டும். பென்சில் பிடித்தவர் மற்றவர் சொல்வதைத்தான் வரைய வேண்டும். ஸ்கெட்ச் பேனாவை அன்றைக்குப் பீரோவில் வைத்துப் பூட்டு. வண்ணம் தீட்டியே பீரியட் முடிந்துபோகும். அழகுக்கு மதிப்பெண் போடவே போடாதே. மறுநாள் ஒவ்வொருவரும் தனியாக நோட்டில் வரையட்டும். வாயே திறக்காத பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பது அதில்தான் தெரியும்.

இது புதுசு என்று நினைக்காதே. நம் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி முறை வந்த காலத்திலேயே தனி மனவரைபடம், பிறகு குழு மனவரைபடம் என்று வரையச் சொன்னோம். நல்ல திட்டம்தான். ஆனால் பல வகுப்புகளில் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் பாடத்திலிருந்து எடுத்த சொற்கள் என்று தேய்ந்துபோனது. பொருளே இல்லாத படம் அது. ஷேரன் எய்ன்ஸ்வொர்த், வான் பிரெய்ன், ரஸல் டைட்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2011-ல் 'சயின்ஸ்' இதழில், படிப்பது, எழுதுவது, பேசுவது இவற்றோடு வரைவதையும் அறிவியல் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று எழுதினார்கள். உன் தலைமையாசிரியர் கேட்டால் அதைச் சொல்லலாம்.

அடுத்து திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குக் கூட்டிப்போ. மரத்தை வரைய எல்லாருக்கும் வரும். அது கல்லான கதையைக் கட்டம் கட்டமாக, குழுவாக வரையச் சொல். முதல் கட்டத்தில் மரம் எங்கே கிடக்கிறது என்பதிலேயே அடிதடி ஆரம்பித்துவிடும்.

செடி வேண்டுமானால் முன்கூட்டியே ஃபோன் பண்ணு. பூ, விழுது, பிஞ்சு மூன்றும் ஒரே செடியில் இருக்கும்போதே பிடுங்கி, வேர் அறாமல் மண்ணோடு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பெரியப்பா