கட்டற்ற மென்பொருளும் விற்பனைக்கு வரும் பாட்டும்

வீட்டுக் கணினியில் மெட்டமைத்து, அங்கேயே பதிவுசெய்து, இணையவழி விற்பனைக்கு அனுப்பும் தனி இசைக்கலைஞர்களிடையே ஓர் அச்சம் நெடுநாளாக உலவிவருகிறது: விலை கொடுக்காமல் பெற்ற மென்பொருளில் உருவான பாட்டை விலைக்கு விற்பது சட்டத்துக்குப் புறம்பானது, அல்லது குறைந்தபட்சம் ஐயத்துக்குரியது என்பதே அது. இவ்வச்சம் அடியோடு ஆதாரமற்றதன்று. ஆனால் அது தவறான இடத்தில் நிலைகொண்டிருக்கிறது. பாட்டை உருவாக்கிய கருவியின் உரிமத்தால் பெரும்பாலும் தொல்லை வருவதில்லை. பாட்டுக்குள் வந்து கலந்த பிறருடைய ஒலிகளாலும் மெட்டுகளாலுமே வருகிறது. பலரோ முன்னதை எண்ணிக் கலங்கிக்கொண்டு பின்னதைக் கேள்வியின்றிக் கடந்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: இலவச மென்பொருளில் செய்த இசையைப் பணத்துக்கு விற்க முடியாது.

விலையின்றிக் கிடைக்கும் ஒலி மென்பொருள்கள் அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பர்க்கும் 1999-இல் தொடங்கி 2000-இல் வெளியிட்ட ஒடாசிட்டி, பால் டேவிஸ் தொடங்கிய ஆர்டர், லினக்ஸில் தோன்றி விண்டோஸுக்கும் வந்த எல்.எம்.எம்.எஸ். ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். அதாவது, அவற்றின் மூல நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்ததும் ஜி.பி.எல். என்று சுருக்கமாக வழங்குவதுமான பொது உரிமத்தின் கீழ் இவை வருகின்றன. எந்த நோக்கத்துக்காகவும் மென்பொருளை இயக்கலாம் என்பதே கட்டற்ற மென்பொருள் இயக்கம் எண்ணிச் சொல்லும் சுதந்திரங்களில் முதலாவது. வணிக நோக்கமும் அதில் அடக்கம். ஆர்டரின் மூல நிரலை எவரும் இலவசமாகப் பெறலாம் என்றாலும், உடனடியாக நிறுவி இயக்கத்தக்க வடிவத்துக்கு அதன் ஆக்கியோர் பணம் கேட்கிறார்கள் என்பதிலிருந்தே, கட்டற்ற தன்மைக்கும் வணிகத்துக்கும் பகையில்லை என்பது விளங்கும்.

மற்றொரு வகை, நிறுவனத்தின் தனியுடைமையாக இருந்துகொண்டே விலையின்றி வழங்கப்படுவது. ஆப்பிளின் கராஜ்பேண்ட், டிராக்ஷன் நிறுவனத்தின் வேவ்ஃபார்ம் ஃப்ரீ ஆகியவை இவ்வகையின. இவற்றில் செய்த சொந்த இசையை விற்கத் தடையில்லை. ஆயினும் இவ்வகையில் பொது விதி என்று ஒன்று கிடையாது. நிறுவும்போது எவரும் படிக்காமல் சம்மதம் தெரிவித்துவிடும் ஒப்பந்தமே இங்கு சட்டமாகிறது. சில பிளக்-இன்கள், அதாவது முதன்மை மென்பொருளோடு இணைந்து இயங்கும் துணை நிரல்கள், சில மாணவர் பதிப்புகள், செயற்கை நுண்ணறிவால் பாட்டு ஆக்கித்தரும் இணையச் சேவைகளின் இலவசத் திட்டங்கள் ஆகியவற்றில் ‘வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற நிபந்தனை இடம்பெறுவதுண்டு. அந்த ஒரு தொடர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவேனும் ஒப்பந்தத்தைப் படித்தாக வேண்டும்.

நம்பிக்கை: ஜி.பி.எல். மென்பொருளில் செய்த பாட்டும் ஜி.பி.எல். ஆகிவிடும், எவரும் அதை இலவசமாகப் பகிரலாம்.

ஜி.பி.எல். மென்பொருளை மாற்றி வெளியிடுவோர் தம் மாற்றங்களையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற விதியே இந்த நம்பிக்கைக்கு வித்து. அவ்விதி நிரலைப் பற்றியது. 1991-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பும் 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பும், மென்பொருளை இயக்குவதால் கிடைக்கும் வெளியீடு, அதன் உள்ளடக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே அம்மென்பொருளிலிருந்து பெறப்பட்ட ஆக்கமாக இருந்தாலன்றி, உரிமத்துக்குள் வராது என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. தறி செய்த தச்சர் அதில் நெய்த சேலைக்குப் பங்கு கேட்பதில்லை.

எனினும் அந்த ‘அன்றி’ என்ற விலக்கை இசைக்கலைஞர் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. நிரல் தன் சொந்த உறுப்பு ஒன்றையே வெளியீட்டுக்குள் படியெடுத்து வைக்குமானால் நிலைமை மாறுகிறது; மேளக் கருவி, பியானோ போன்றவற்றின் பதிவுசெய்த ஒலித்துண்டுகள் ஜி.பி.எல். உரிமத்திலேயே வெளியாகியிருந்தால், அவ்வொலி பாட்டில் அப்படியே ஒலிப்பதால் இக்கேள்வி எழவே செய்யும். ஃப்ரீபேட்ஸ் என்ற கட்டற்ற ஒலித்தொகுப்பின் ஆக்கியோர் இதை முன்னுணர்ந்து, தம் ஒலிகளைக் கலந்து செய்த இசைப்படைப்பு அந்தக் காரணத்தால் மட்டுமே ஜி.பி.எல். உரிமத்துக்குள் வந்துவிடாது என்று தனி விலக்கு ஒன்றையே உரிமத்தில் சேர்த்தார்கள். தொகுப்பின் உரிமக் கோப்பில் அத்தகைய விலக்கு இல்லாதபோது, விலக்குள்ள வேறு தொகுப்பைத் தேடிக்கொள்வதே விவேகம்.

எம்.பி.3 வடிவம் பற்றிய பழைய கவலையையும் இங்கேயே முடித்துவிடலாம். அதன் காப்புரிமைகளுக்கான உரிமத் திட்டத்தை ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனம் 2017 ஏப்ரலில் முடித்துக்கொண்டது, இன்று எம்.பி.3 கோப்பாக விற்பதற்கு எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

நம்பிக்கை: மென்பொருளோடு வந்த லூப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த சாம்பிளும் எடுத்தவருக்கே சொந்தம்.

லூப் என்பது திரும்பத் திரும்ப ஒலிக்குமாறு அமைத்த சிறு இசைத்துண்டு. சாம்பிள் என்பது ஏற்கெனவே பதிவான ஒலியிலிருந்து எடுத்தாளும் பகுதி. இவற்றைப் பயன்படுத்த அனுமதி கிடைப்பதும் இவற்றுக்கு உரிமையாளர் ஆவதும் வேறு வேறு. ரிஹானா பாடி 2007-இல் உலகெங்கும் புகழ்பெற்ற ‘அம்ப்ரெல்லா’ பாட்டின் மேளத்தாளம் கராஜ்பேண்டோடு வரும் ஒரு லூப். ஆப்பிளின் ஒப்பந்தம் இத்தகைய லூப்புகளைச் சொந்தப் பாட்டில் சேர்த்து ராயல்டி இன்றி விற்க இடம் கொடுக்கிறது. ஆனால் லூப்பைத் தனியாக விற்கவோ வேறு லூப் தொகுப்பில் சேர்க்கவோ அவ்வொப்பந்தம் இடம் கொடுப்பதில்லை; அதே தாளத்தை மற்றொருவர் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமையும் எவருக்கும் கிடைப்பதில்லை.

இந்தக் கடைசிக் கூறே நடைமுறையில் மிகுந்த சிக்கலை உண்டாக்குகிறது. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்பது, பதிவேற்றப்படும் காணொளிகளில் பிறர் ஒலி இருக்கிறதா என்று ஒப்பிட்டுக் கண்டறிந்து உரிமையாளருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு. அதில் சேர்க்கும் ஒலி முழுவதும் ஒருவருக்கே உரிய தனியுரிமையாக இருக்க வேண்டும். பொதுவில் கிடைக்கும் லூப்பை அப்படியே அடித்தளமாக்கிய பாட்டைச் சட்டப்படி விற்கலாம், ஆனால் கன்டென்ட் ஐடியில் சேர்க்கலாகாது. இவ்வேறுபாடு அறியாமல் விநியோகஸ்தரின் படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் தேர்ந்துவிடுபவர், அதே லூப்பைப் பயன்படுத்திய முன்பின் தெரியாத கலைஞர்கள் மீதெல்லாம் பொய்யான உரிமைக்கோரல் தொடுத்தவராகிறார்.

இணையச் சேமிப்பகங்களில் நிலைமை இன்னும் பலதரப்பட்டது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005 முதல் நடத்திவரும் ஃப்ரீசவுண்ட் என்ற ஒலிக்களஞ்சியத்தில், ஒவ்வொரு ஒலிக்கும் அதைப் பதிவேற்றியவர் தேர்ந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் தனித்தனியே பொருந்தும். சி.சி.0 எனக் குறித்தது எவ்வித நிபந்தனையும் அற்றது. ‘பெயர் குறிப்பிடுக’ என்ற வகை விற்பனைக்கு இடம் தருகிறது, ஆனால் ஆக்கியவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். ‘வணிகமற்றது’ என்ற வகையை விற்பனைப் பாட்டில் சேர்க்கவே கூடாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மழைச் சத்தங்களில் ஒன்று விற்பனைக்கு உகந்ததாகவும் மற்றது ஆகாததாகவும் இருக்கலாம். இன்னும் நுணுக்கமான பொறிகளும் உண்டு: சொனட்டினா சிம்ஃபனிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற இலவச வாத்தியத் தொகுப்பு வெளியான ‘சாம்பிளிங் பிளஸ்’ உரிமம், சொந்தப் படைப்பில் கலந்து விற்க இடம் தந்தாலும் விளம்பரங்களில் பயன்படுத்துவதை விலக்குகிறது. ஆகவே ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு இசை கேட்கப்படும் நாளில்தான் அப்பாட்டின் குறை வெளிப்படும். ஒவ்வொரு ஒலியும் எங்கிருந்து, எந்நாளில், எந்த உரிமத்தில் பெறப்பட்டது என்று பாட்டின் கோப்பகத்திலேயே எழுதிவைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

நம்பிக்கை: சில விநாடிகள் மட்டும் எடுத்தால் குற்றமில்லை.

ஏழு விநாடி, பதினைந்து விநாடி, முப்பது விநாடி என்று ஆளுக்கோர் அளவு சொல்லப்படுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் விலக்குகளைப் பட்டியலிடும் 52-ஆம் பிரிவில் விநாடிக் கணக்கு ஏதும் இல்லை. அமெரிக்காவிலோ, இரண்டு விநாடிக் கிதார் ஒலியை எடுத்தாண்ட வழக்கில் 2005-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமம் பெறாமல் சாம்பிள் எடுக்கவே வேண்டாம் என்ற நிலையை எடுத்தது. 2016-இல் மடோனாவின் பாட்டு தொடர்பான வழக்கில் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கால் விநாடிக்கும் குறைந்த ஒலியைப் புறக்கணிக்கத்தக்க சிற்றளவு என்று விட்டுவிட்டது. நீதிமன்றங்களே ஒத்துப்போகாத ஓர் இடத்தில் பாமர அளவுகோலை நம்பிப் பாட்டை வெளியிடுவது துணிச்சலே அன்றி உரிமை ஆகாது.

நம்பிக்கை: பழைய பாட்டு என்றால் பொதுச்சொத்து.

ஒரு பாட்டில் குறைந்தது மூன்று உரிமைகள் அடங்கியுள்ளன: வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரிகளிலும் மெட்டிலும் உரிமை ஆக்கியவரின் ஆயுள் முழுதும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள்.

பாரதியார் பாடல்கள் இதற்குத் தக்க சான்று. அவற்றை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது, 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமைகளைத் தன்வசமாக்க, பின்னர் அவை பொதுவுடைமையாயின. எனவே பாரதியின் வரிகளுக்குப் புதிதாக மெட்டமைத்து, வீட்டில் ஒடாசிட்டியில் பதிவுசெய்து விற்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் ‘ஏழாவது மனிதன்’ படத்துக்காக அதே கவியின் வரிகளுக்கு எல். வைத்தியநாதன் அமைத்த மெட்டைப் பாடி விற்க முனைபவர், கவிஞரின் உரிமையை அன்று, இசையமைப்பின் உரிமையை எதிர்கொள்கிறார். கரோக்கி எனப்படும் குரலற்ற பின்னணிப் பதிவை இணையத்தில் எடுத்து அதன்மேல் பாடினால் மூன்றாவதான ஒலிப்பதிவு உரிமையும் சேர்ந்துகொள்ளும்.

கர்நாடக இசையில் தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் 19-ஆம் நூற்றாண்டினர் என்பதால் அவர்களின் கீர்த்தனைகள் அனைவர்க்கும் உரியவை. ஆயினும் கச்சேரிகளில் அவற்றோடு சேர்ந்தே ஒலிக்கும் பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தவர். மேற்கண்ட விதியைப் பொருத்தினால் அவர் படைப்புகளின் காலம் 2033 இறுதி வரை நீள்கிறது. மேடையில் அருகருகே ஒலிப்பவை சட்டத்தின் கண்ணில் அருகருகே இருப்பதில்லை.

நம்பிக்கை: விலையுயர்ந்த மென்பொருளின் கிராக் பிரதியாவது ‘தொழில்முறை’ என்று மதிக்கப்படும்.

இலவச மென்பொருளைக் கண்டு அஞ்சுபவரே பூட்டுடைத்த பிரதியை அச்சமின்றி நிறுவுவது இத்துறையின் விந்தைகளுள் ஒன்று. கிராக் பிரதியில் செய்ததனால் பாட்டின் உரிமை ஆக்கியவரை விட்டுப் போய்விடாது என்பது உண்மையே. ஆனால் அப்பிரதி சட்டவிரோதமானது என்று தெரிந்தே பயன்படுத்துவதைச் சட்டத்தின் 63பி பிரிவு தனிக் குற்றமாக்கி, 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாய நோக்கின்றிப் பயன்படுத்தியவருக்கு மட்டுமே சிறையைத் தவிர்க்கும் சலுகை உண்டு. பாட்டை விற்பவர் அந்தச் சலுகையைக் கேட்பது கடினம்.

நம்பிக்கை: அரசிடம் பதிவுசெய்யாத பாட்டுக்கு உரிமை இல்லை, பதிவுசெய்துவிட்டால் பிறகு அஞ்ச வேண்டியதில்லை.

மெட்டு பதிவாகி நிலைபெற்ற கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அரசுப் பதிவு கட்டாயமன்று என்பதைப் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2021-இல் உறுதிசெய்தது. பதிவேடு வழக்கின்போது முதற்கட்டச் சான்றாக உதவும் என்பதே அதன் பயன். இசைப்படைப்புக்கு 500 ரூபாயும் ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாயும் 2013-ஆம் ஆண்டு விதிகளில் கட்டணமாகக் குறிக்கப்பட்டுள்ளன. பாட்டைத் தனக்குத்தானே பதிவுத்தபாலில் அனுப்பி உறை பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கத்துக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை.

உரிமையை இழப்பது பெரும்பாலும் பதிவு செய்யாததால் அன்று, படிக்காமல் கையெழுத்திட்ட உடன்படிக்கையால். உரிமையை மாற்றித்தரும் எழுத்துப் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கொள்கிறது. 2012-இல் வந்த திருத்தமோ, ஒலிப்பதிவில் சேர்ந்த வரிகளுக்கும் மெட்டுக்கும் கிடைக்கும் ராயல்டியில் உரிமை பெற்றவரோடு சமபங்கு பெறும் உரிமையை, வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் ஆக்கியவர் எழுதிக் கொடுக்க முடியாது என்றும், அதற்கு மாறாகச் செய்துகொண்ட உடன்படிக்கை செல்லாது என்றும் விதித்திருக்கிறது. இசை நிறுவனம் நீட்டும் படிவத்தில் ‘எல்லா உரிமைகளும், என்றென்றைக்கும், உலகெங்கும்’ என்று அச்சிட்டிருந்தாலும் அந்த ராயல்டிப் பங்கு இசையமைத்தவரிடமே நிற்கிறது.