லினக்ஸில் நிரல் திறக்க மறுத்தால்...

ஐகானைச் சொடுக்கினால் சுட்டி சற்றே சுழன்று நின்றுவிடும். அதன்பின் எதுவும் நடக்காது. பலரும் உடனே அந்த நிரலை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. ஏன் என்பது 5-ஆம் குறிப்பில். உபுண்டுவில் லிப்ரே ஆபீஸ் திறக்காததை வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற நிரல்களுக்கும் இதே வழிதான்.

1. சரியாக மூடப்படாத நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கலாம். சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, ‘சாஃபிஸ்’ என்று தொடங்கும் பெயரைத் தேடி, வலது பொத்தானைச் சொடுக்கி ‘கில்’ கொடுங்கள். பிறகு திறந்து பாருங்கள்.

2. அதற்கும் அசையாவிட்டால் டெர்மினலுக்குப் போங்கள். கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். நிரலின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். ஐகான் வழியாகத் திறக்கும்போது கண்ணில் படாத பிழைச் செய்தி இங்கே வரிவரியாக வந்து விழும். ‘வார்னிங்’ என்ற வரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். நன்றாக ஓடும் நிரல்கூட அவற்றைக் கொட்டும். கடைசி வரிகளைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்றால் 3-ஆம் குறிப்பு, ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் 6-ஆம் குறிப்பு. ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றால் பெயரைத் தவறாகத் தட்டியிருக்கிறீர்கள், அல்லது நிரல் அந்தப் பெயரில் இல்லை.

3. வட்டு நிரம்பினாலும் நிரல்கள் திறக்காது. டெர்மினலில் டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, எச் என்று தட்டுங்கள். ‘லூப்’ என்று தொடங்கும் வரிகள் எப்போதும் 100% காட்டும். அவை ஸ்னாப் தொகுப்புகள், விட்டுவிடுங்கள். சாய்கோடு மட்டும் உள்ள வரி 100% என்றால், குப்பைத் தொட்டியையும் பழைய டவுன்லோடுகளையும் காலி செய்யுங்கள்.

4. புரொஜெக்டரைக் கழற்றிய பிறகு இந்தச் சிக்கலா? சாளரம் திரைக்கு வெளியே திறந்திருக்கலாம். ஆல்ட்டும் டேபும் அழுத்தி அதைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட்டும் எஃப்7-உம் அழுத்திவிட்டு, அம்புக்குறி விசைகளால் திரைக்குள் நகர்த்துங்கள்.

5. பெரும்பாலும் கெட்டுப்போவது நிரல் அல்ல, அதன் அமைப்புகள். அவை உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருக்கின்றன. நிரலை எத்தனை முறை நீக்கி நிறுவினாலும் அங்கே எதுவும் மாறாது. ஹோமைத் திறந்து கன்ட்ரோல், எச் அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். புள்ளியில் தொடங்கும் ‘கான்ஃபிக்’ கோப்புறைக்குள் லிப்ரே ஆபீஸின் பெயரில் ஒன்று இருக்கும். அதன் பெயரோடு ‘பழையது’ என்று சேர்த்துவிட்டு நிரலைத் திறங்கள். புதிய கோப்புறையைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஆவணங்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் பழையதை அழித்துவிடாதீர்கள்: நீங்கள் சேர்த்த அகராதிச் சொற்களும் வார்ப்புருக்களும் அதில்தான் இருக்கின்றன.

6. ‘சூடோ’ போட்டு எந்த டெஸ்க்டாப் நிரலையும் திறக்காதீர்கள். அமைப்புக் கோப்புகள் ரூட்டின் பெயருக்கு மாறி, அடுத்த முறை உங்களுக்கே அனுமதி மறுக்கப்படலாம். மாறிவிட்டிருந்தால் 5-இல் சொன்ன பெயர்மாற்றம் பெரும்பாலும் போதும்.

7. ஆப்இமேஜ் கோப்பு என்றால், முதலில் ‘ப்ராப்பர்டீஸ்’ சென்று அதை நிரலாக இயக்க அனுமதி கொடுங்கள். உபுண்டு 22.04 முதல் ‘லிப்ஃப்யூஸ்2’ தொகுப்பையும் நாமே நிறுவ வேண்டும், 24.04-இல் அதன் பெயர் ‘லிப்ஃப்யூஸ்2டி64’. வெறும் ‘ஃப்யூஸ்’ என்ற தொகுப்பை நிறுவிவிடாதீர்கள். டெஸ்க்டாப்பின் சில பகுதிகளே நீங்கிவிடக்கூடும்.

8. பிறரிடம் உதவி கேட்பதானால், பிழைச் செய்தியை முழுதாக, உபுண்டுவின் பதிப்பு எண்ணோடு அனுப்புங்கள். டெர்மினலில் நகலெடுக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. ஷிஃப்ட்டை விட்டுவிட்டால் ஓடும் நிரல் நின்றுவிடும்.