அங்குசம் யார் கையில்?

நுழையும்முன்

நெருப்பை மூட்டக் கற்ற மனிதன் அதனை அணைக்கவும் கற்றான். வண்டியை ஓட்டியவன் அதனை நிறுத்தவும் வழிகண்டான். ஆற்றலைப் படைப்பதோடு அறிவின் கடமை முடிவதில்லை. படைத்ததை ஆளவும் வேண்டும். தானே கற்று முடிவெடுக்கும் செயற்கை நுண்ணறிவை மனிதரின் ஆளுகைக்குள் வைத்திருப்பது எங்ஙனம் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

யானை பாகனைவிடப் பன்மடங்கு வலிமை உடையது. எனினும், அறிவால் பாகன் அதனை நடத்துகிறான். வலிமையோடு அறிவிலும் நம்மை விஞ்சும் ஒன்றை நாமே படைத்தால், அதனை நடத்துவது எப்படி? இரண்டாம் உலகப்போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டியூரிங்குடன் பணியாற்றிய கணிதவியலாளர் ஐ. ஜே. குட், 1965ஆம் ஆண்டிலேயே இது குறித்துச் சிந்தித்தார். மனிதரை விஞ்சும் முதல் எந்திரமே மனிதர் செய்யவேண்டிய இறுதிக் கண்டுபிடிப்பாக அமையும் என்றார் அவர். ஆனால், தன்னைக் கட்டுப்படுத்தும் வழியை நமக்குச் சொல்லும் அளவுக்கு அது பணிவுடையதாக இருக்கவேண்டும் என்பதையும் உடன் உரைத்தார்.

சொல்லும் கருத்தும்

வரம் கொடுத்தவன் தலையிலேயே கைவைக்க முனைந்த பஸ்மாசுரனிடம் தீய எண்ணம் இருந்தது. எந்திரம் தீங்கு விளைவிக்க அத்தகைய எண்ணம் தேவையில்லை. நாம் கருதியதை விடுத்துச் சொன்னதை மட்டும் செய்தாலே போதும். எந்திரத்திற்கு நாம் இடும் நோக்கம் நாம் உண்மையில் விரும்புவதுதானா என்பதை உறுதிசெய்ய வேண்டும் என நார்பர்ட் வீனர் 1960இல் எச்சரித்தார்.

2016இல் ஓப்பன் ஏஐ ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தய விளையாட்டைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்றுவித்தனர். வழியிலுள்ள இலக்குகளை மோதினால் புள்ளிகள் கிடைக்கும். அது பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஓரிடத்தில் வட்டமிட்டு, மீண்டும் மீண்டும் தோன்றும் இலக்குகளையே மோதியது. பிற படகுகளில் இடித்துத் தீப்பற்றியபோதும் நிற்கவில்லை. ஆயினும், மனிதரின் சராசரியைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுதியான புள்ளிகளைப் பெற்றது! விளையாட்டில் இது நகைப்புக்குரியது. மருத்துவமனையிலோ மின்கட்டமைப்பிலோ நிகழ்ந்தால் பேரிடராகும்.

நிறுத்தும் பொத்தான்

‘மின்னிணைப்பைத் துண்டித்தால் போயிற்று’ என எண்ணலாம். ஆனால், நிறுத்தப்பட்டால் இட்ட பணியை முடிக்க இயலாது என்று உணரும் எந்திரம், நிறுத்தப்படுவதையே தடுக்க முற்படக்கூடும். கணினி அறிஞர் ஸ்டூவர்ட் ரஸ்ஸல் இதற்கு ஒரு வழி காட்டுகிறார். மனிதரின் விருப்பம் தனக்கு முழுமையாகத் தெரியாது என்னும் ஐயத்தோடு எந்திரத்தை வடிவமைக்க வேண்டும். அப்போது, மனிதர் நிறுத்த முனைவதை ‘நான் தவறிழைக்கிறேன்’ என்பதற்கான குறிப்பாக அது ஏற்கும்.

கண்காணிப்பின் மூன்று தேவைகள்

1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் எச்சரிக்கைக் கருவிகள் அறிவித்தன. பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், உண்மையான தாக்குதல் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்காது எனச் சிந்தித்து, அதனைப் பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். முகில்களில் பட்டுத் திரும்பிய கதிரொளியே கருவியை ஏமாற்றியிருந்தது.

மாறாக, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் இரு போயிங் 737 மேக்ஸ் வானூர்திகள் வீழ்ந்து 346 பேர் உயிரிழந்தனர். ஓர் உணரியின் பிழையான தகவலை நம்பிய தானியங்கி அமைப்பு, வானூர்தியின் முகப்பை மீண்டும் மீண்டும் கீழ்நோக்கித் தள்ளியது. முதல் விபத்துக்கு முன்னர், அவ்வமைப்பைப் பற்றி வானோடிகளின் கையேட்டில் விளக்கமே இல்லை.

இவை செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அல்ல. எனினும், அவை தரும் படிப்பினை ஒன்றே. எந்திரத்தின் அருகில் மனிதர் இருப்பது மட்டும் கட்டுப்பாடு ஆகாது. அதனைப் புரிந்துகொள்ளும் அறிவு, சிந்திப்பதற்கான நேரம், மறுப்பதற்கான அதிகாரம் ஆகிய மூன்றும் அவருக்கு வேண்டும்.

உலகின் முயற்சி

குட்டும் டியூரிங்கும் பணியாற்றிய அதே பிளெட்ச்லி பார்க்கில், 2023 நவம்பரில் உலக நாடுகள் கூடின. இந்தியா உள்ளிட்ட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்புக்காக இணைந்து செயல்பட உடன்பட்டன. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம், இடர் மிகுந்த கருவிகளை மனிதர் கண்காணிக்கவும் நிறுத்தவும் இயலும் வகையில் அமைக்கவேண்டும் என்கிறது.

சட்டம் வழியமைக்கலாம், விழிப்பு மக்களிடமே பிறக்கவேண்டும். ‘இம்முடிவை எடுத்தது யார்? தவறெனில் திருத்துபவர் யார்?’ என்று வினவும் தலைமுறையின் கையில்தான் அங்குசம் நிலைக்கும்.

தெரியுமா?

செயற்கை நரம்பு வலைப்பின்னல் ஆய்வின் முன்னோடியான ஜெஃப்ரி ஹிண்டன், அதன் இடர்களைத் தடையின்றி எடுத்துரைப்பதற்காக 2023இல் கூகுள் நிறுவனத்திலிருந்து விலகினார். 2024இல் ஜான் ஹாப்ஃபீல்டுடன் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் பயன்படுத்தும் செயலி ஒன்று உங்களுக்காக எடுக்கும் முடிவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் மனிதரிடமே இருக்கவேண்டியவை எவை எனக் கலந்துரையாடுக.

2. ‘சொன்னதைச் செய்தல் – கருதியதைச் செய்தல்’: இவற்றின் வேறுபாட்டைப் படகுப் பந்தய நிகழ்வின்வழி விளக்குக.