வேலியே பயிரை மேயலாமா?
(பச்சைக் குழந்தையின் குடலும் சீம்பாலும்)



நோய் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்றுதான் நாம எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் பிறந்து இரண்டு, மூன்று வாரமே ஆன ஒரு குழந்தையின் குடலை, அந்தக் குழந்தையின் எதிர்ப்புச் சக்தியே புண்ணாக்கிவிடும் என்று சொன்னால் நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும். உயிரியல் பாடத்தில் ஐந்து வகை எதிர்ப்பொருள்களை மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுகிறோமே, அதில் ஒன்றுதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது என்ன நோய்?

இதன் பெயர் நெக்ரோடைசிங் என்டரோகொலைடிஸ். டாக்டர்கள் சுருக்கமாக என்.இ.சி. என்பார்கள். குடல் சுவர் அழற்சி அடைந்து, திசுக்கள் செத்துப்போவதுதான் இந்த நோய். பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளுக்குத்தான் வரும். 1,500 கிராமுக்கும் குறைவான எடையில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 5 முதல் 10 பேருக்கு வருகிறது. வந்தவர்களில் 100-க்கு 20 முதல் 30 குழந்தைகள் வரை இறந்துபோகின்றன.

அறிகுறிகள்: வயிறு உப்பும். பச்சையாக வாந்தி எடுக்கும். மலத்தில் ரத்தம் வரும். குழந்தை துவண்டு கிடக்கும். உடனே பால் கொடுப்பதை நிறுத்தி, நரம்பு வழியாகத் திரவமும் ஆன்டிபயாடிக் மருந்தும் ஏற்றுவார்கள். குடலில் ஓட்டை விழுந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

காவல்காரனே அடித்தால்?

நம் குடலின் உள்சுவரில் ஒரே ஒரு அடுக்குச் செல்கள்தான் இருக்கின்றன. அதற்கு அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். அந்தச் செல்களில் டி.எல்.ஆர்.4 என்று ஒரு புரதம் இருக்கிறது. பள்ளிக்கூட கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.கோலை, கிளப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் ஒரு கொழுப்புச் சர்க்கரைப் பொருள் உண்டு. அதைத் தொட்டதும் வாட்ச்மேன் விசில் ஊதிவிடுவார். உடனே செல்லிலிருந்து அழற்சிப் புரதங்கள் வெளியே வரும், வெள்ளை அணுக்கள் ஓடி வரும். இதெல்லாம் நல்லதுக்குத்தான்.

ஆனால் குறைமாதக் குழந்தையின் குடலில் இந்த வாட்ச்மேன்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள். அது ஏன்? கருவில் குடல் வளரும்போது அந்த வளர்ச்சி வேலைக்கே டி.எல்.ஆர்.4 தேவைப்படுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அம்மா வயிற்றுக்குள் பாக்டீரியா தொல்லை கிடையாது. போதாததற்குச் சிசு விழுங்கும் பனிக்குட நீரில் அதை அடக்கி வைக்கும் வளர்ச்சிப் புரதமும் இருக்கிறது. மாதம் நிறைய நிறைய டி.எல்.ஆர்.4-இன் அளவு தானாகக் குறைந்துவிடும். ஏழாம் மாதமே பிறந்துவிட்டால்? குறைவதற்கு நேரமில்லை. பனிக்குட நீரும் இல்லை. பாக்டீரியாவோ குடலில் குடியேறத் தொடங்கிவிடும்.

அப்புறம் நடப்பதைப் பக்கத்தில் நான் வரைந்திருக்கும் படத்தில் பாருங்கள்.

1. விசில் ஓயாமல் ஊதப்படுகிறது. குடல் செல்கள் சாகின்றன.
2. புதுச் செல்கள் வந்து ஓட்டையை அடைக்கும் வேலையும் மந்தமாகிறது.
3. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குடலுக்கு ரத்தம் போதவில்லை.
4. ஓட்டை வழியாகப் பாக்டீரியா உள்ளே நுழைகிறது. அழற்சி இன்னும் கூடுகிறது.

வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான். இந்த விவரங்களில் பெரும்பகுதி சுண்டெலிக் குட்டிகளை வைத்தும், குழந்தைகளின் குடல் திசுவை வைத்தும் கண்டுபிடித்தவை.

கதாநாயகன் வருகிறார்

அம்மாவின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகும் எதிர்ப்பொருள் ஐஜிஜி. அதுவும் கடைசி மூன்று மாதங்களில்தான் அதிகமாகப் போகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சொத்து பாதிதான். குடலைக் காக்க வேண்டிய ஐஜிஏ-வைப் பச்சைக் குழந்தையால் முதல் சில வாரங்களுக்குச் சொந்தமாகப் போதிய அளவு தயாரிக்க முடியாது. அப்போ யார் தருவது? அம்மாதான், பால் வழியாக! சீம்பாலில் இது மிக அதிகம்.

பாலில் வரும் ஐஜிஏ இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். மேலே ஒரு புரத உறை போர்த்தியிருப்பதால் செரிமானத்தில் சுலபமாக அழியாது. மொத்தம் நாலு கை. அந்தக் கைகளால் பாக்டீரியாவைப் பிடித்துக்கொண்டு, குடல் சுவரில் ஒட்டவிடாமல் தடுத்துவிடும். முக்கியமான விஷயம், இது கொல்லவும் இல்லை, கூச்சல் போடவும் இல்லை. வாட்ச்மேன் விசில் ஊத வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொள்கிறது.

இன்னொரு ஆச்சரியம். அம்மாவின் குடலில் பாக்டீரியாக்களைச் சந்தித்துப் பழகிய பி செல்கள் மார்பகத்துக்குப் பயணம் செய்து, அங்கே ஐஜிஏ தயாரிக்கின்றன. அதாவது அந்த வீட்டில், அந்த ஊரில் இருக்கும் கிருமிகளுக்கு ஏற்ற எதிர்ப்பொருள் அந்த அம்மாவின் பாலில் இருக்கும்!

ஆதாரம் என்ன?

1990-இல் பிரிட்டனில் லூகாஸ், கோல் இருவரும் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து எழுதினார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் புட்டிப்பால் மட்டும் குடித்தவர்களுக்கு இந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்திருந்தது. 2019-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் குழந்தைகளின் மலத்தைச் சோதித்தார்கள். நோய் வந்த குழந்தைகளில், நோய் வருவதற்கு முன்பே ஐஜிஏ ஒட்டாத பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. ஐஜிஏ தயாரிக்க முடியாத தாய் எலியின் பால் குட்டிகளைக் காப்பாற்றவில்லை என்பதையும் காட்டினார்கள்.

அப்போ ஏதாவது ஒரு பால் புரதத்தை மட்டும் பிரித்து மருந்தாகக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். பிரிட்டனில் 2,203 குறைமாதக் குழந்தைகளுக்கு நடந்த சோதனையில், பசும்பாலிலிருந்து எடுத்த லாக்டோஃபெரின் என்ற புரதத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. நோய்த்தொற்று குறையவில்லை. தாய்ப்பால் ஒரு புரதம் அல்ல, ஒரு கூட்டணி!

நாலு சொட்டில் என்ன இருக்கு?

எங்க சித்திக்கு 31-வது வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. எடை 1,300 கிராம். இன்குபேட்டரில் வைத்து, சித்தி பிழிந்து கொடுத்த சீம்பாலை மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை. “இந்த நாலு சொட்டுல என்ன ஆயிறப் போவுது? பிள்ளை பசில கிடக்கே, கொஞ்சம் சீனித்தண்ணி குடுத்தா என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நர்ஸ் அக்கா, “பாட்டி, இது பசிக்கு இல்ல, காவலுக்கு” என்றார். அந்தப் பதிலுக்கு அர்த்தம் தேடித்தான் நான் இதையெல்லாம் படித்தேன். அந்தக் குழந்தைக்கு இப்போ மூன்று வயசு. பால்வாடிக்குப் போகிறாள்.

நம்ம பக்கம் பிறந்த குழந்தைக்குச் ‘சேனை வைக்கிறோம்’ என்று சீனித்தண்ணியோ தேனோ நாக்கில் தடவுவார்கள். மஞ்சளாக இருக்கிறதே என்று சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறவர்களும் உண்டு. கொட்டுவது பால் அல்ல, குழந்தையின் முதல் கவசம். ஒரு வயசு வரை தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா, குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஒன்று சொல்லியாக வேண்டும். தாய்ப்பால் குடித்த குழந்தைக்கும் இந்நோய் வரலாம். சில அம்மாக்களுக்கு முதலில் பால் ஊறாது. அது அவர்கள் குற்றம் இல்லை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத்தான் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. வீட்டில் யாருக்காவது குறைமாதத்தில் குழந்தை பிறந்தால், “சீம்பால் கொடுத்தாச்சா? இல்லேன்னா பால் வங்கி பக்கத்துல இருக்கா?” என்று கேளுங்கள். கேட்பதற்கு நாம டாக்டராக இருக்கணும்னு அவசியம் இல்லை.

உங்களுக்குத் தெரியுமா?

★ ‘டோல்’ என்றால் ஜெர்மன் மொழியில் ‘பிரமாதம்!’ பழ ஈயில் முதலில் கண்ட ஒரு மரபணுவுக்கு வைத்த பெயர் இது. டி.எல்.ஆர். என்பதில் உள்ள ‘டி’ அதுதான். இந்தக் குடும்பத்துப் புரதங்கள் கிருமியை அடையாளம் காண்பதைக் கண்டறிந்த பாய்ட்லர், ஹாஃப்மன் இருவரும் 2011 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.
★ ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ்.
★ வங்கிப் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். அதில் ஐஜிஏ கொஞ்சம் குறையும். ஆனாலும் குறைமாதக் குழந்தையின் குடலுக்குப் புட்டிப்பாலைவிட அது பாதுகாப்பு.

யோசித்துப் பாருங்கள்

1. நஞ்சுக்கொடியைக் கடக்கும் எதிர்ப்பொருள் எது? கடக்காமல் பால் வழியாக வருவது எது?
2. பாக்டீரியாவைக் கொல்லாமல் பிடித்து வைப்பது குறைமாதக் குழந்தைக்கு ஏன் நல்லது?

விடைகளை ஒரு தாளில் எழுதி, கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்!

— உங்கள் தோழி,
பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு