காதுப் பஞ்சு மாற்றுவோர் கவனத்துக்கு

எங்கள் செட்டிபாளையத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. ஹெட்போனின் காதுப் பஞ்சுக்கு இதைவிடக் கெட்ட இடம் இல்லை. 2020 இல் பாடசாலைகளைப் பூட்டியபோது சூம் வகுப்புக்கென்று வாங்கியவற்றின் பஞ்சுத்தோல், கறுப்புச் செதிலாகப் பிள்ளைகளின் கன்னத்தில் ஒட்டுகிறது. ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். எறியவேண்டியதில்லை, பஞ்சை மாற்றலாம்.

செய்யக்கூடாதவை

மலிவென்று நாலு சோடி வாங்கி அலுமாரியில் வைக்காதீர்கள். தபால் செலவை மிச்சம்பிடிக்கலாமென்று நானும் அப்படிச் செய்தவன்தான். பெட்டியில் 'புரோட்டீன் லெதர்' என்று போட்டிருப்பது தோலே அல்ல. துணியில் பூசிய பொலியூரிதேன். காற்றிலுள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். வெக்கை கூடினால் வேகமும் கூடும். காதில் மாட்டினாலும் உறை பிரிக்காமல் வைத்தாலும் ஈரம் விடாது. என் மூன்றாவது சோடி, காதுக்கு வருமுன்னரே பிசுபிசுத்துவிட்டது.

சானிடைசர், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். கொரோனாக் காலத்துப் பழக்கம் இது. தோல் விறைத்து வெடிக்கும். ஈரத்துணியே போதும்.

தேங்காயெண்ணெய்த் தலையோடு மாட்டாதீர்கள் என்றால் இங்கே யார் கேட்கப்போகிறார்கள்? காதோரத்தையாவது துடைத்துவிட்டு மாட்டுங்கள். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் பஞ்சின் ஆயுள் இன்னும் குறையும்.

மோட்டார்சைக்கிள் சீற் தைப்பவரிடம் ரெக்சின் கொடுத்துத் தைப்பிக்கும் யோசனை பலருக்கு வரும். உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரெக்சின் விறைப்பு. கன்னத்தோடு படியாது, கண்ணாடிக்காரருக்கு இடைவெளி இன்னும் கூட. அந்த இடைவெளியால் தாழ்ந்த ஒலி முழுவதும் வெளியே போய்விடும். மத்தளம் தகரமாகக் கேட்கும்.

சுப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அடுத்த முறை பஞ்சைக் கழற்றவே முடியாது.

செய்ய வேண்டியவை

முதலில் மொடல் இலக்கத்தைப் பாருங்கள். பிறகு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் மில்லிமீற்றரில் அளவிடுங்கள். நீள்வட்டமென்றால் நீளமும் அகலமும். பழையது விளிம்பால் மாட்டுவதா, கொளுவியா, ஒட்டியதா என்று கழற்றிப் பார்த்துவிட்டே ஓடர் பண்ணுங்கள். சோனி எம்.டி.ஆர். 7506, ஓடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் போன்று உலகம் முழுக்க ஓடும் மொடல்களுக்கு வேறு கம்பனிகளும் பஞ்சு செய்வதால் கிடைப்பது சுலபம்.

விலையைக் காலத்தால் பிரித்துப் பாருங்கள். 2022 மார்ச்சுக்கு முன்னர் டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது. அதன்பிறகு 300 ஐ அண்டிப் பழகிவிட்டோம். 10 டொலர் பஞ்சு 2,000 ரூபாவிலிருந்து 3,000 ஆகிவிட்டது, தபால் செலவு வேறு. அது ஒரு வருடத்தில் உரிந்தால், மூன்று வருடம் நிற்கும் 6,000 ரூபாப் பஞ்சுதான் மலிவு. ஹெட்போனே 1,500 ரூபா என்றால் இந்தக் கணக்கே தேவையில்லை. பழைய பெனியனை வெட்டி உறையாகத் தைத்து மாட்டுங்கள். உயர்ந்த ஒலி சற்று மங்கும், செதில் கொட்டாது.

எங்கள் காற்றுக்கு என் வாக்கு வெல்வெற் துணிப் பஞ்சுக்கே. ஜேர்மனியின் பேயர்டைனமிக் டீ.டி. 770 வகைகளில் பல அதோடுதான் வருகின்றன. உரிவதற்கு மேல்தோல் கிடையாது. உறை கழலுமென்றால் சவர்க்காரத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடலாம். தகரக் கூரையில் வேண்டாம். கச்சான் காற்றுக் காலத்தில் மணல் புகும், அதைத் தட்டிக்கொள்ளவேண்டும். தோலுக்கு ஏற்றபடி செய்த ஹெட்போனுக்குத் துணி மாட்டினால் தாழ்ந்த ஒலி கொஞ்சம் குறையும். இரைச்சலைத் தானே அடக்கும் புளூடூத் வகைக்கு மட்டும் துணியை நான் சொல்லமாட்டேன்; காதை இறுக மூடாவிட்டால் அந்த வேலையே கெடும். அதற்கு அந்த மொடலுக்கென்றே செய்த பஞ்சுதான்.

விளிம்பு வகையை மாட்டும்போது ஒரு பக்கத்தைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, பழைய வங்கி அட்டையின் மூலையால் சுற்றிவரத் தள்ளுங்கள். கடைசி இரண்டு அங்குலம்தான் பாடாய்ப்படுத்தும்.